தண்ணி ஓரத்துப் பங்களாவில் நாலு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், டிக்கோயா பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் போன் ஓய்வதில்லை. லண்டனில் இருந்து சித்தி, ஸ்கார்பரோவில் இருந்து மச்சான், வெள்ளவத்தையில் இருந்து கூடப் படித்தவன், கோத்தகிரியில் இருந்து பெரியப்பா வழிச் சொந்தம். ஆசை எல்லாருக்கும் ஒன்றுதான்: குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து தண்ணி ஓரமாக ஒரு பங்களா எடுத்து நாலு நாள் இருக்க வேண்டும். சந்தேகங்களும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

லேக் ஓரத்துல காட்டேஜ் எண்டு போட்டோவில பாக்கிறம். உண்மையில அது எங்க இருக்கு?

படத்தில் பார்ப்பவை எல்லாம் மனிதர் கட்டிய நீர்நிலைகள். நுவரெலியாவில் இருக்கும் கிறெகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிறெகரி காலத்தில் 1873-இல் உண்டானது. மற்றவை மின்சாரத்துக்காகக் கட்டியவை: டிக்கோயா, நோர்வூட் பக்கம் காசல்ரீ, மஸ்கெலியாவில் மவுசாகலை, தலவாக்கலையில் மேல் கொத்மலை, றம்பொடைக்குக் கீழே கொத்மலை, கண்டிக்கு அந்தப் பக்கம் விக்டோரியா. எங்கள் ஆட்கள் 'டேம்' என்றுதான் சொல்வார்கள். காசல்ரீத் தண்ணி மலைக்குள் சுரங்கத்தில் ஓடி நோர்ட்டனில் இருக்கும் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. 1965-இல் இருந்து ஓடும் 50 மெகாவாட் நிலையம் அது. இந்தத் தண்ணிக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் இதில்தான் தொங்குகின்றன.

வீடுகள் மூன்று வகை. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பழைய தோட்டப் பங்களாக்கள்: புல்வெளி, சமையல்காரர், கணப்படுப்பு எல்லாம் இருக்கும், விலையும் இருக்கும். அண்மையில் தனியார் கட்டிய வீடுகள்: படத்தில் கண்ணாடிச் சுவர் தெரியும், பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்றாவது, மின்சார சபையும் வங்கிகளும் திணைக்களங்களும் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் சேர்க்கிட் பங்களாக்கள். குடும்பத்தில் யாராவது அரசாங்க வேலையில் இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள். இடம் நல்லதாக இருக்கும், காசும் குறைவு. கட்டில் மெத்தையைப் பற்றி மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இங்க பிள்ளைகளுக்கு சமர் லீவு. ஜூலை, ஆகஸ்ட்ல வந்தா நல்ல வெயிலா இருக்கும் தானே?

இருக்காது. உங்கள் சமர், எங்கள் மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறி, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா என்று வழியெல்லாம் கொட்டிவிட்டுப் போகும். தீவிலேயே அதிகம் மழை விழும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஜூலையில் காசல்ரீ ஓரத்தில் இருந்தால் அக்கரை தெரியாத பனிமூட்டம், ஓயாத தூறல், காயாத துண்டு. எனக்கு அது பிடிக்கும். கனடாவில் இருந்து வெயிலுக்காக வருகிறவருக்குப் பிடிக்குமா என்பது வேறு கதை.

ஆனால் அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமெல்லாம் போய்க் காய்ந்திருக்கும். வெலிமடை, பண்டாரவளை, பதுளை அந்த மாதங்களில் வெயிலோடு இருக்கும்; ஊவாத் தேயிலையின் பேர்போன வாசமும் அந்தக் காய்ந்த காற்றில் வருவதுதான். ஆகஸ்டை விட்டால் வேறு லீவு இல்லை, தண்ணியும் வேண்டும் என்றால் திகனைப் பக்கம் விக்டோரியா ஓரத்தில் பாருங்கள். 122 மீற்றர் அணை, நாட்டிலேயே உயரமானது; பழைய தெல்தெனிய நகரம் அதற்கு அடியில் இருக்கிறது. அங்கே மழை குறைவு. குளிரும் குறைவு, ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுக்க முடியாது. கண்டிப் பெரஹரா நாட்களோடு முட்டினால் கண்டியைக் கடக்கவே அரை நாள் போய்விடும், அந்தத் திகதிகளை முதலில் பாருங்கள்.

அப்ப எந்த மாசம்தான் நல்லம்?

காசல்ரீ, மவுசாகலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், சிவனொளிபாதமலை முழுசாகத் தெரியும். இரவில் குளிரும், நுவரெலியாவில் அந்த நேரத்தில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி கூட விழும். ஏப்ரலில் காலை நன்றாக இருந்து பின்னேரம் இடி மழை வரும். அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதை மண்சரிவுக் கேள்வியில் பாருங்கள்.

ஏப்ரல்ல நுவரெலியா சீசனுக்கே வந்திட்டா என்ன?

குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிறெகரி வாவியில் அன்னப் படகு, ரோட்டில் நகராத வாகன வரிசை, இரண்டு மடங்கு மூன்று மடங்கு அறை வாடகை. சனத்தைப் பார்க்க வருவதென்றால் அருமையான நேரம். அமைதிக்காக வருகிறோம் என்று சொல்லிவிட்டு சீசனுக்கு வராதீர்கள்.

கொழும்பில இருந்து ட்ரெயினா, வானா?

குடும்பத்தோடு என்றால் வான். அவிசாவளை, கித்துள்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு நாலு மணித்தியாலம் பிடிக்கும். கித்துள்கலைக்குப் பிறகு வளைவுகள். பின் சீட்டில் பிள்ளைகளை இருத்தாதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏற வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் ஒரே மூச்சில் வராமல் மாத்தளையிலோ கண்டியிலோ ஒரு இரவு தங்கி வந்தால் வந்த அன்றே படுத்துக்கிடக்க மாட்டார்கள்.

ரயில் அழகு, மறுப்பில்லை. பிள்ளைகளையும் இரண்டு பெரியவர்களையும் மட்டும் ரயிலில் அனுப்பி, சாமானை வானில் கொண்டுவந்து ஹட்டன் ஸ்டேஷனில் சந்திப்பது நல்ல ஏற்பாடு. முன்பதிவு முப்பது நாளுக்கு முன்பே திறக்கிறது, திறந்த அன்றே முடிந்தும் போகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துப் போட்டது. ஆகவே டிக்கெட்டுக்கு முன் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது என்று விசாரியுங்கள்.

வழி காட்டும் செயலி சொல்கிறதென்று குறுக்குப் பாதையில் இறங்கவேண்டாம். நானுஓயாவுக்கும் றதெல்லவுக்கும் நடுவில் உள்ள குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் ஏழு பேர் இறந்தார்கள். மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். மலைப்பாதை பழகிய டிரைவராகப் பாருங்கள். அவர் படுக்க ஒரு அறை, நேரத்துக்குச் சாப்பாடு இரண்டும் பங்களாவில் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இரவு முழுக்க வானுக்குள் விறைத்துக் கிடந்தவர் மறுநாள் காலை உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறார்.

பெரியாக்கள் பதினொரு பேர், பிள்ளையள் ஆறு. நாலு அறை காணும் தானே?

காணும், ஆனால் யார் எந்த அறை என்பதை வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பழைய பங்களாக்களில் அறைகள் பெரியவை, குளியலறைகள் குறைவு. சில அறைகளுக்கு வராந்தாவைச் சுற்றித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். அம்மம்மாவுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கீழ்மாடியில் குளியலறை ஒட்டிய அறை. இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. பிள்ளைகளை எல்லாம் ஒரே அறையில் மெத்தை விரித்துப் படுக்க விடுங்கள். பெரியவர்களுக்கு அது இட நெருக்கடி, பிள்ளைகளுக்கு அதுதான் லீவே.

கல்யாணமாகாத சித்தப்பா, தனியாக வந்த நண்பன், விவாகரத்தான அக்கா ஆகியோரைத்தான் கடைசியில் ஹோலில் படுக்கச் சொல்வது நம் வழக்கம். அவர்களும் வாடகையில் பங்கு தருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் கதவுள்ள அறை வேண்டும்.

காசை எப்பிடிப் பிரிக்கிறது? வெளிநாட்டில இருந்து வாறவை தானே குடுக்க வேணும்?

கொடுக்க முன்வருவார்கள்தான், ஆனால் முழுவதையும் அவர்கள் தலையில் கட்டினால் நாலு நாளும் இங்குள்ளவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். காலைச் சாப்பாட்டு நேரம் முதல் எங்கே போவது என்பது வரை காசு கொடுத்தவர் சொல்வதுதான் நடக்கும். வீட்டு வாடகை வெளியில் இருந்து வருகிறவர்களுடையது. வானும் சாப்பாட்டுச் சாமானும் இங்குள்ளவர்களுடையது என்று பிரித்தால் இரண்டு பக்கமும் நிமிர்ந்து இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாதிக் கணக்கு, கைக்குழந்தைக்குக் கணக்கில்லை. அட்வான்ஸ் கட்டிய ரசீதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், பிறகு ஒரு வார்த்தை வராது.

நாங்கள் தமிழ் ஆக்கள், பிறந்ததும் இங்கதான். ஆனா கனடா பாஸ்போட். லோக்கல் ரேட் தருவினமா?

பேச்சை வைத்துத் தரமாட்டார்கள், கையில் இருப்பதை வைத்துத்தான் தருவார்கள். தேசிய அடையாள அட்டையோ, இரட்டைக் குடியுரிமையோடு இலங்கைப் பாஸ்போர்ட்டோ இருந்தால் உள்ளூர் விலை. ஹோர்டன் சமவெளி மாதிரி தேசியப் பூங்காக்களில் உள்ளூர், வெளிநாட்டு டிக்கெட் விலைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம். பங்களாக்களில் முதலாளியின் மனதைப் பொறுத்தது. ஆனால் உள்ளூர் ஆள் பேரில் பதிவு செய்துவிட்டு, வாசலில் வைத்துப் பாஸ்போர்ட்டை நீட்டி வாக்குவாதப்படுவது எல்லாருக்கும் அசிங்கம். பதியும்போதே எத்தனை பேர் எந்தப் பாஸ்போர்ட் என்று சொல்லிவிடுங்கள்.

பங்களாவில குக் இருக்கிறார் எண்டா நாங்க ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லையா?

பழைய பங்களாக்களில் சமையல்காரரை 'அப்பு' என்று கூப்பிடுவது இன்றும் உண்டு. பலர் பரம்பரையாக இந்த வேலை செய்கிறவர்கள். சூப், கட்லட், கேரமல் புடிங் என்று துரைமார் காலத்துச் சாப்பாடு வெகு அழகாக வரும். அதை முதல் நாள் சாப்பிடுங்கள். இரண்டாம் நாள் காலையில் தோட்டத்து ரொட்டி கேளுங்கள்: கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து தடிப்பாகச் சுட்டது, கூடக் கட்டச் சம்பல், சாயத் தண்ணி. லீக்ஸ், கேரட், கோவா, நோக்கோல், உருளைக்கிழங்கு எல்லாம் இங்கேயே விளைகிறவை, அவற்றைக் கொழும்பில் இருந்து மூட்டை கட்டவேண்டாம். மீன், கருவாடு, உங்கள் வீட்டு மிளகாய்த்தூள், குழந்தைச் சாப்பாடு, மருந்து இவற்றை மட்டும் கொண்டு வாருங்கள்.

எத்தனை பேர் சைவம், யாருக்கு உறைப்பு ஆகாது, வெள்ளிக்கிழமை யார் யார் மரக்கறி என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு கூட்டம் கொத்து ரொட்டி கேட்பது கூடாது. விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணி போட எழும்புகிறவரும் அவர்தான். அத்தைமார் அடுப்படிக்குள் புகுந்து குழம்பைத் திருத்தாமல் இருந்தாலே பாதி வெற்றி.

குளிருக்கு என்ன உடுப்பு?

ஸ்வெட்டர், சொக்ஸ், காதை மூடும் தொப்பி. நுவரெலியா 1,868 மீற்றர், காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றர். எனவே காசல்ரீயில் நுவரெலியா அளவுக்கு நடுங்காது. மழைக்கு நல்ல ஜாக்கெட் ஒன்று, இரண்டாவது சோடிச் சப்பாத்து.

கணப்படுப்பை அப்புவே மூட்டட்டும். பார்பிகியூ அடுப்பையோ கரிச்சட்டியையோ குளிருகிறதென்று படுக்கையறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பிள்ளைகள் லண்டன்ல ஸ்விம்மிங் கிளாஸ் போனவங்க. டேம்ல குளிக்கலாமா?

கூடாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, பதிலைக் கேட்டதும் முகம் சுருங்குவதும் இதற்குத்தான். நீச்சல் குளத்தில் நீந்துவது வேறு, இந்தத் தண்ணி வேறு. கரையில் இருந்து மெல்ல மெல்ல ஆழமாகிற இடமில்லை இது. மலைச்சரிவு அப்படியே தண்ணிக்குள் இறங்குகிறது. இரண்டு அடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் கால் எட்டாது. அடியில் பழைய மரக்கட்டைகள், இடிந்த சுவர்கள், கம்பிகள். தண்ணி இறங்கின காலத்தில் கரையில் காய்ந்த மாதிரித் தெரியும் சேறு, ஏறி நின்றால் இடுப்பு வரை இழுக்கும். தண்ணியின் குளிரில் நல்ல நீச்சல்காரனுக்கே கை கால் இறுகிவிடும்.

அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவது இன்னும் மோசம். மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால், நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணி மேவிக்கொண்டு வரும். அபாயச் சங்கு ஊதினால் துண்டைத் தேடாமல் கரையேறுங்கள். ஒவ்வொரு வருசமும் சுற்றுலா வந்த இளம் பிள்ளைகளின் பெயர்கள் பத்திரிகையில் வருகின்றன. அவர்களில் நிறையப் பேர் நீந்தத் தெரிந்தவர்கள்தான். தண்ணியில் விளையாடியே ஆகவேண்டும் என்றால் வரும் வழியில் கித்துள்கலையில் உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு, உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு படகுச் சவாரி போங்கள்.

அப்ப போட்டுல போகலாமா?

கிறெகரி வாவியில் டிக்கெட் எடுத்துப் போகலாம். காசல்ரீயில் சில பங்களாக்கள் ஏற்பாடு செய்து தரும். கரையில் நிற்கும் மீன்பிடிக்காரரின் சின்னத் தோணியில் ஐந்து பேர் செல்ஃபிக்காக ஏறுவது மட்டும் வேண்டாம். உயிர்காப்பு அங்கி இல்லாத எந்தப் படகுக்கும் மேலே சொன்ன 'கூடாது' என்ற பதில்தான்.

தண்ணி வத்தினா உள்ள இருக்கிற கோயில் தெரியுமாமே, உண்மையா?

உண்மை. மவுசாகலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணிக்குள் போனது. வறட்சியில் மட்டம் நன்றாக இறங்கினால் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் மிச்சங்கள் மேலே வரும். கொத்மலையிலும் கடதொர விகாரை இப்படித் தலை காட்டும். பார்க்க வருகிறவர்கள் கரையில் நின்று பார்க்கலாம். கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் சேறு பற்றி மேலே எழுதியதை இன்னொருமுறை படியுங்கள். அணைக்கட்டுப் பக்கம் காவலாளி படம் எடுக்கக் கூடாது என்றால் எடுக்காதீர்கள், அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்க விடவும் வேண்டாம்.

அட்டை, பாம்பு, சிறுத்தை எண்டெல்லாம் சொல்லுறாங்களே?

அட்டை நிச்சயம், மழைக்காலத்தில் புல்லுக்குள் நடந்தால் ஏறும். நீளச் சொக்ஸ், சவர்க்காரம் அல்லது உப்புத் தண்ணி. கடித்தால் கொஞ்சம் இரத்தம் நிற்காமல் வரும், வேறு ஒன்றுமில்லை. சிறுத்தை தோட்டங்களில் உண்டு, பெரும்பாலும் நாயைத் தேடி வரும். பொழுதுபட்ட பிறகு தேயிலைக்குள் தனியாக நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே அடிக்கடி நடக்கிற விஷயம், உயிர் போனதும் உண்டு. மரத்தில் கூடு கண்டால் பிள்ளைகள் கல்லெறியாமல் பாருங்கள், அதற்குக் கீழே அடுப்பும் மூட்ட வேண்டாம். கிளம்பிவிட்டால் தலையை மூடிக்கொண்டு ஓடிக் கட்டடத்துக்குள் போங்கள். கொட்டுப்பட்டவருக்கு மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால், 1990-க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். காசல்ரீப் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட.

மூணு நாள்ல நுவரெலியா, ஹோர்டன் சமவெளி, எல்ல, சிவனொளிபாதமலை எல்லாம் முடிச்சிடலாமா?

முடிக்கலாம், வானுக்குள் இருந்தபடியே. ஹட்டனில் இருந்து எல்லவுக்கு ரயிலில் நாலு மணித்தியாலத்துக்கு மேல், திரும்பி வரவும் வேண்டும். ஹோர்டன் சமவெளிக்கு விடியுமுன் புறப்பட வேண்டும், நேரம் போனால் உலக முடிவு என்ற மலை விளிம்பில் நின்று வெறும் வெள்ளைப் புகாரைத்தான் பார்ப்பீர்கள். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். டிசம்பர் போயாவில் (பௌர்ணமி) இருந்து மே வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை. ஆகஸ்டில் வந்து ஏறுவோம் என்கிறவர்கள் மழைக் கேள்விக்குத் திரும்பிப் போகவும்.

என் யோசனை: ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் பின்னேரத்துக்குள் திரும்புகிற மாதிரி. தலவாக்கலை ரோட்டில் டெவன், சென்கிளேயர் அருவிகள். காசல்ரீக் கரையில் 1878-இல் கட்டிய வார்லி தேவாலயம். பொகவந்தலாவையில் சென்மேரிஸ் தேவாலயத் தோட்டத்தில், உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை. 1879-இல் இங்கேயே இறந்தவர். ஒரு தேயிலை ஃபேக்டரி. மிச்ச நேரம் வராந்தாவில் உட்காருங்கள். பத்து வருசமாகச் சந்திக்காத அக்கா தங்கைமார் வாயைத் திறந்து பேச அரை நாளாவது வேண்டும், பார்க்கிற இடப் பட்டியலில் அதற்கு நேரம் ஒதுக்கி யாரும் வருவதில்லை.

வைஃபை இல்லாட்டி பிள்ளைகள் சண்டை பிடிப்பாங்களே?

முதல் நாள் பிடிப்பார்கள். கேரம் போர்ட், சீட்டுக் கட்டு, ஒரு கிரிக்கெட் மட்டை கொண்டு வாருங்கள். பந்து டேமுக்குள் போனால் போனதுதான்.

வந்து பாத்தா மழை விடவே இல்லை. மண்சரிவு எண்டு நியூஸ்ல சொல்லுறாங்க. இருக்கிறதா, போறதா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் கிளம்பிவிட வேண்டும். உங்கள் பங்களா எந்தப் பிரிவில் வருகிறது என்று வந்த அன்றே கேட்டு வையுங்கள், நியூஸில் பிரிவின் பெயர்தான் வரும், ஹட்டன் என்று சொல்ல மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் பருவமழை மாறும்போது நாடு முழுக்க மழை, கூடவே வங்காள விரிகுடாவில் புயல். டித்வாவில் மலைநாடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அந்த மாதங்களில் யாரையும் வரச் சொல்ல மாட்டார்கள்.

எச்சரிக்கை வராவிட்டாலும் நிலத்தில் புதிய வெடிப்பு, மரமோ மின்கம்பமோ சாய்தல், ஊற்றுத் தண்ணி திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல் கண்டால் பெட்டியைக் கட்டவும் நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கட்டிய காசு போகிறதே என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அவரை முதல் வானில் ஏற்றுங்கள். அப்புவும் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஆட்களும் சொல்வதைக் கேளுங்கள், அந்த மலை அவர்களுக்குத் தெரியும்.

எங்க அத்தை குடும்பம் அதே தோட்டத்து லயத்துலதான் இருக்காங்க. அவங்களையும் பங்களாவுக்குக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம், கூப்பிட வேண்டும். ஆனால் 'வாங்க' என்று ஒரு போன் போட்டால் வரமாட்டார்கள், அல்லது வந்து பின்பக்கம் குசினி வாசலில் நிற்பார்கள். அவர்களுடைய அம்மாவும் பாட்டியும் அந்த வீட்டின் முன்படியில் கால் வைத்ததில்லை. துரை இருக்கும் பங்களாவுக்கு வேலைக்கோ முறைப்பாட்டுக்கோதான் போவது, அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. இன்றைக்கு அது வாடகை வீடாகிவிட்டது என்பது உங்களுக்குச் சுலபம். நாளைக்கும் அதே துரைக்குக் கீழே பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) நிற்கப் போகிறவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை.

ஆகவே முதலில் நீங்கள் போங்கள். பங்களாவுக்கு வந்து குளித்து உடுத்துக்கொண்டு அல்ல, வந்த வழியிலேயே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து, கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்து, சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டு, பிறகு கூப்பிடுங்கள். ஞாயிறோ போயாவோ பாருங்கள். வேலை நாளில் உங்களுக்காக நின்றால் அவர்களுக்கு அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போகும், அரை நாளில் வந்தால் அரைப் பேர்தான். வானை லயத்துக்கு அனுப்பி ஏற்றி வந்து, முன்வாசலில் நீங்கள் நின்று கூட்டிக்கொண்டு போங்கள். மேசையில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள்.

பகல் விருந்தாளிகளுக்குச் சில பங்களாக்களில் ஆள் கணக்கில் காசு உண்டு, எண்ணிக்கையையும் மட்டுப்படுத்துவார்கள். முதலிலேயே மேனேஜரிடம் பேசி முடித்துவிடுங்கள், அவர்கள் காதில் விழ அந்தப் பேச்சு நடக்கக் கூடாது. 'தோட்டத்து ஆட்களை விடமாட்டோம்' என்று எங்காவது சொன்னால் அந்த இடத்தில் தங்காதீர்கள். அப்புவும் அத்தைக்குச் சொந்தமாகவே இருப்பார், அனேகமாக. அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

கொழுந்து பறிக்கிறவங்களோட போட்டோ எடுத்தா தப்பா?

கேட்டு எடுத்தால் தப்பில்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது; உங்களுக்காக நிற்கிற நேரம் கூடையில் குறையும். காசு கேட்டால் கொடுங்கள், அல்லது எடுக்காமல் வாருங்கள். மரபு உடை என்று சொல்லிக் கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு ரீல் போடுவதை, பக்கத்தில் நிற்கும் உங்கள் அத்தை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

மாமாமார் கொஞ்சம் பாவிப்பாங்க, பெரியம்மாவுக்குப் பிடிக்காது. எப்பிடிச் சமாளிக்கிறது?

வீட்டுக்குப் பின்னால் ஒரு வராந்தா கட்டாயம் இருக்கும். நேரம் குறித்துவிடுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று. போயா அன்று சாராயக்கடை பூட்டு, இறைச்சிக்கடையும் இல்லை. குடித்துவிட்டு டேம் பக்கம் நடக்கப் போகிறேன் என்று எழும்புகிறவரை இருத்தி வைக்க, குடிக்காத ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள்.

எங்க தாத்தா சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா வந்தவர். அவர் பிறந்த லயத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

நீலகிரியில் இருந்தும் திருச்சியில் இருந்தும் வருகிறவர்கள் கடைசி நாளில், தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. இலங்கையும் இந்தியாவும் செய்த அந்த 1964 ஒப்பந்தத்தின்படி இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதென்று முடிவானது, போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது வருகிறார்கள். கடைசி நாளுக்கு வைக்காமல் புறப்படுமுன்பே தேடத் தொடங்குங்கள். தாத்தாவின் பிறப்புப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை எதிலாவது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் டிவிசனும் இருக்கும். வீட்டில் சொல்லும் பெயர் வேறாக இருக்கும்: ஆட்கள் தோட்டங்களுக்குத் தாங்களே தமிழில் பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயரைச் சொன்னால் ஆபீஸில் கிளாக்கருக்குத் தெரியாது, கோயில் பூசாரிக்குத் தெரியும்.

தோட்டத்துக்குப் போனால் நேரே ஆபீஸில் சொல்லி அனுமதி எடுங்கள், பிறகு வயதானவர்கள் யாரென்று கேளுங்கள். தாத்தாவின் பெயரைவிட அவருடைய கங்காணியின் பெயர் அதிகம் உதவும். கூடவே எந்த மேட்டு லயம், கோயிலுக்கு மேலா கீழா என்பதும். லயம் இடிந்து போயிருக்கலாம், வேறு குடும்பம் இருக்கலாம். வேறு குடும்பம் இருந்தால் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கட்டாயம் தேத்தண்ணி வரும். காசல்ரீ, மவுசாகலைக் கரையோரத் தோட்டங்களில் கீழ்மலை லயங்கள் சில தண்ணிக்குள் போய்விட்டன. அப்படியென்றால் எந்த இடம் என்று கையை நீட்டிக் காட்ட ஒரு பெரியவர் எப்போதும் கிடைப்பார். அவரையும் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டி வாருங்கள். அப்புவுக்குக் காலையிலேயே ஆள் கணக்குச் சொல்லிவிடுங்கள்.